காப்புப் பருவமும் ஆயாக் கொட்டகையும்: மலாயாத் தோட்டப்புறத்தில் குழந்தை காத்த சிறுமியர்

முன்னுரை

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. அவற்றுள் முதலாவது காப்புப் பருவமாகும். செங்கீரை ஆடுவதற்கும், சப்பாணி கொட்டுவதற்கும், அம்புலியை அழைப்பதற்கும் முன்னர்க் குழந்தையைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுவது மரபு. அகப்பாடல் மரபோ இக்காவற் பணியைச் செவிலித்தாயிடம் ஒப்படைக்கிறது. அச்செவிலியின் மகளே தோழி என்பது தொல்காப்பிய மரபு. ஆகவே, ஒரு குழந்தையைக் காக்கும் பொறுப்பில் பெற்ற தாய்க்கு அடுத்த நிலையில் இன்னொரு பெண்ணையும், அப்பெண்ணின் மகளையும் வைத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் இப்பொறுப்பு யாரிடம் சென்றது என்பதே இக்கட்டுரையின் வினா. ஆவணங்கள் தரும் விடை, 'ஆயா' என்பதாகும். தோட்டத்தில் வளர்ந்தவர்களின் நினைவு தரும் விடை சற்று வேறானது. ஆயாவுக்குப் பக்கத்தில், பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுமி ஒருத்தி எப்போதும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சம்பளமில்லை, செக்ரோலில் பெயரில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான தோட்டங்களில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் உயிரோடு வளர்ந்ததில் அவளுக்குப் பங்குண்டு. அப்பங்கினையும், அதற்காக அவள் கொடுத்த விலையினையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால்வெட்டு நேரமும் பிள்ளையின் நேரமும்

தோட்டப்புறக் குழந்தை வளர்ப்பின் சிக்கல் பால்மரத்தின் இயல்பிலிருந்தே தொடங்குகிறது. மரத்தின் பால் குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏற அவ்வழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறையும். எனவே, இருள் பிரியும் முன்னரே தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூட வேண்டியிருந்தது. பெயர் அழைத்து முடிந்ததும் ஆணும் பெண்ணும் தத்தம் நிரைக்குச் சென்றனர். வெட்டு முடிந்து, மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து பால் ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது நண்பகல் ஆகிவிடும்.

குழந்தைக்குத் தாய் மிகுதியாகத் தேவைப்படும் நேரமும் அதுவே. விழித்தெழுதல், பாலருந்துதல், குளித்தல், உண்ணுதல், மீண்டும் உறங்குதல் ஆகிய அனைத்தும் தாய் காட்டிலிருக்கும் நேரத்தில் நிகழ்ந்தன. தாய் வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குக் குடும்பத்தின் வருவாய் இடங்கொடுக்கவில்லை. 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட நியமக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. மனைவியின் கூலி ஏறத்தாழக் கணவனின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. அதனை இழந்து ஒரு குடும்பம் கடனின்றி வாழ்வது அரிது.

தொடக்கக் காலக் குடியேற்றத்தில் தனி ஆண்களே மிகுதியாக வந்தனர். ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்ட பின், கங்காணி முறை வழியாகக் குடும்பங்களாக வருவோர் தொகை படிப்படியாகப் பெருகியது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்திற்கு வேண்டிய தொழிலாளர் தோட்டத்திலேயே பிறந்து வளர வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. லயத்தில் பிறக்கும் குழந்தை பிழைப்பது பெற்றோரின் கவலையாக மட்டுமல்லாமல் நிர்வாகத்தின் தேவையாகவும் ஆயிற்று.

சட்டம் எண்ணிய பத்து

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய சட்டங்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் எண் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. நாட்டின் தமிழ்ப் பள்ளி வரலாற்றை எழுதுவோர் எவரும் இச்சட்டத்தைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

குழந்தைக் காப்பகத்தைப் பற்றிய விதியோ அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் வேலையிடத்தில் காப்பகம் ஒன்றைக் கட்டிப் பராமரிக்குமாறு முதலாளிக்கு ஆணையிடத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் அளித்தது. இச்சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பெருந்தோட்டங்கள் பலவற்றில் ஆயாக் கொட்டகை இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்கினால் ஓர் இடைவெளி புலனாகும். ஏழு வயதிற்கு மேற்பட்ட பிள்ளை பள்ளிக் கணக்கில் வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை காப்பகக் கணக்கில் வந்தது. நான்கிலிருந்து ஏழு வரையிலான பிள்ளை இவ்விரண்டிலும் சேரவில்லை. பள்ளிக் கணக்கில் பெயர் இருந்தும் காப்பகத்தில் உழைத்த சிறுமியோ இரு விதிகளுக்கும் நடுவே விழுந்தாள். பள்ளி இருக்க வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்று எவரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது 2003ஆம் ஆண்டில்தான். இந்த எண்பது ஆண்டு இடைவெளியில்தான் நாம் பேசும் சிறுமியர் வாழ்ந்தனர்.

கொட்டகைக்கு உள்ளே

ஆயா பெரும்பாலும் பால்வெட்டுக்கு உடல் இடங்கொடாத முதிய பெண்ணாகவோ கைம்பெண்ணாகவோ இருந்தாள். அவளிடம் அன்புக்குக் குறைவில்லை. கண் பார்வைக்கும் கால் வலிமைக்கும் குறைவிருந்தது. கைக்குழந்தைகள் ஏணைகளில் தொங்கின. தவழும் குழந்தைகள் தரையில் இருந்தன. நடக்கத் தொடங்கிய குழந்தைகள் வாசலை நோக்கியே நடந்தன. இம்மூன்று வகையினரையும் ஒரே நேரத்தில் ஒருத்தி கவனிப்பது இயலாத செயல்.

எவ்வளவு இயலாதது என்பதை இன்றைய அளவுகோலால் கணக்கிட்டுப் பார்க்கலாம். மலேசியாவின் 2012ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலைய விதிகள், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்று பராமரிப்பாளர் அளவை வகுத்துள்ளன. எடுத்துக்காட்டாக, முப்பது குழந்தைகள் உள்ள கொட்டகை ஒன்றில் ஆறு கைக்குழந்தைகளும், ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட பதினைந்து பேரும், மூன்று வயதைக் கடந்த ஒன்பது பேரும் இருப்பதாகக் கொள்வோம். அங்கு ஆறு பராமரிப்பாளர் தேவைப்படுவர். ஓர் ஆயா இருந்த இடத்தில் எஞ்சிய ஐவரின் வேலையை யார் செய்தனர் என்னும் வினாவிற்குச் சிறுமியர் என்பதைத் தவிர வேறு விடை இருப்பதாகத் தெரியவில்லை. தன் தம்பியைக் கொண்டுவந்து விட வந்தவள் அங்கேயே நின்றாள். அவன் அழுகையை நிறுத்தியவளிடம் அடுத்த வீட்டுக் குழந்தையும் வந்து சேர்ந்தது. பணி இவ்வாறுதான் தொடங்கியது. எவரும் அவளை நியமிக்கவில்லை.

சிறுமியரின் காப்பு முறை

இக்கட்டுரையாளரின் தாயார் 1950களில் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பதின்மூன்று வயதில் இப்பணியைச் செய்தவர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரும் அவர் வயதையொத்த இன்னொரு சிறுமியும் ஆயாவுக்குத் துணையாக இருந்தனர். தாம் செய்ததற்கு ஒரு முறை இருந்தது என்று அவர் ஒருபோதும் கூறியதில்லை. ஆயினும், அவர் பல்வேறு காலங்களில் கூறியவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது தெளிவான முறையொன்று இருந்தமை விளங்குகிறது.

முதலாவது, எண்ணிக்கை. காலையில் எத்தனை பிள்ளைகள் வந்தன என்பதைச் சுவரில் கரிக்கோடாக இழுத்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு கோடு மிஞ்சியது. தேடியபோது, இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கால்வாயில் முழங்கால் அளவு நீரில் ஒலியெழுப்பாமல் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், அன்று முதல் பள்ளியில் மணி அடிக்கும்போதெல்லாம் இவர்கள் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினர். பாடவேளை மாறுவதை அறிவிக்க அடித்த மணி, பள்ளியை விட்ட சிறுமிக்குத் தலை எண்ணுவதற்கான மணியாயிற்று.

இரண்டாவது, நீரும் நெருப்பும். சிறு குழந்தை மூழ்கும்போது கூச்சலிடுவதில்லை. ஒரு வாளி நீரே அதற்குப் போதும். இன்று மருத்துவர்கள் வலியுறுத்தும் இவ்வுண்மையைச் சிறுமியர் பட்டறிவால் அறிந்திருந்தனர். குளிப்பாட்டி முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது கட்டாயம். கஞ்சி காய்ச்சும் அடுப்பு கொட்டகைக்கு வெளியே இருந்தது. கஞ்சி ஆறிய பின்னரே உள்ளே வரும். அடுப்பருகே நிற்பவள் இடுப்பில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, வாயில் போடும் பொருள்கள். இரப்பர்க் கொட்டை தோட்டத்துப் பிள்ளைகளின் முதல் விளையாட்டுப் பொருள். பல்லாங்குழிக்கும் பயன்பட்டது அதுதான். ஆனால் பச்சைக் கொட்டையில் நச்சுத்தன்மை உண்டு; சிறு குழந்தையின் தொண்டையையும் அது அடைத்துவிடும். ஆகவே, கொட்டை விளையாட்டு பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் திண்ணையில் மட்டும் என்று வரம்பு கட்டினர். பால் ஸ்டோரில் பாலை உறைய வைக்கப் பயன்பட்ட ஃபார்மிக் அமிலமும், நூற்றாண்டின் நடுப்பகுதியில் களைக்கொல்லியாகத் தெளிக்கப்பட்ட சோடியம் ஆர்சனைட்டும் உயிருக்கே கேடு விளைவிப்பவை. வெறுமையான போத்தல் எதனையும் கொட்டகைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இவர்கள் விதித்துக்கொண்ட இன்னொரு விதி. பிற்காலத்தில் தோட்டங்களில் பரவலாகப் பயன்பட்ட பாராகுவாட் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மலேசியாவில் தடை செய்யப்பட்டதை நோக்கினால், அவ்விதியின் அருமை புலப்படும்.

நான்காவது, இணை சேர்த்தல். ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றிடமும் நடை பழகும் குழந்தை ஒன்றை ஒப்படைத்தனர். அப்பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றே: தன் குழந்தை வாசலைத் தாண்டினால் பெயர் சொல்லிக் கத்துவது. தூக்குவதும் துரத்துவதும் பெரியவளின் வேலை. சட்டத்தின் இரு கணக்குகளிலும் சேராத நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைக்கு இச்சிறுமியர் ஒரு பொறுப்பினை அளித்தனர் என்பது கருதத்தக்கது.

ஐந்தாவது, ஓசை. உறங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளைப் பாட வைத்தனர். பாட்டு மகிழ்ச்சிக்காக மட்டுமன்று. ஏணை கட்டிக்கொண்டிருப்பவள் திரும்பிப் பாராமலேயே யார் எங்கிருக்கிறார் என்பதை அறிய அது உதவியது. ஒரு மூலையில் ஓசை அடங்கினால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஏணையைத் தரைக்கு அருகில் கட்டுவது, முடிச்சைக் காலையில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது, ஏணையை ஆட்டும் வேலையைச் சிறுபிள்ளையிடம் தனியே விடாமலிருப்பது ஆகியவையும் இம்முறையில் அடங்கும்.

ஆறாவதாக, தம்மால் இயலாததை அறிந்திருந்தனர். காய்ச்சல் கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பாம்பு புகுந்தாலோ ஒருத்தி குழந்தைகளோடு நிற்க, மற்றவள் தோட்டத்து மருந்தகத்துக்கோ பக்கத்திலிருக்கும் தண்டலிடமோ ஓட வேண்டும். இருவரும் ஒருசேரக் கொட்டகையை விட்டு வெளியேறக் கூடாது. தனியொருத்தியாகப் பெருங்கூட்டத்தைப் பார்க்கச் சம்மதிக்கலாகாது என்னும் இன்றைய அறிவுரையின் சாரம் இவ்விதியில் உள்ளது.

கொடுத்த விலை

இவற்றைப் படிக்கும்போது பெருமிதம் தோன்றுவது இயல்பு. ஆனால், பெருமிதத்தோடு நின்றுவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். இச்சிறுமியரின் திறன் அவர்களுடைய கல்வியிலிருந்து கழிக்கப்பட்டது. பள்ளி நடந்த நேரமும் தாய் பால்வெட்டுக்குச் சென்ற நேரமும் ஒன்றே. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் அவள் செய்ய முடியும். பையனின் படிப்பா, பெண்ணின் படிப்பா என்னும் வினா எழுந்த வீடுகளில் விடை பெரும்பாலும் முன்னரே முடிவாகியிருந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் மேல்வகுப்புகளுக்குச் செல்லச் செல்லப் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை தேய்ந்ததற்கு ஏழ்மை, பூப்படைதல், இளவயதுத் திருமணம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் அப்பட்டியலில் உண்டு. எனினும், அது வீட்டு வழக்கமாகவே கருதப்பட்டதேயன்றி உழைப்பாகக் கருதப்படவில்லை.

இரண்டாவது விலை, அச்சம். விபத்து நேர்ந்த இடங்களில் பழி ஆயாவின் மேல் விழுந்தது. ஆயாவுக்கு அடுத்து அச்சிறுமியின் மேல் விழுந்தது. ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூவர் செய்யும்படி விட்டவர் எவர் என்று யாரும் வினவவில்லை. என் தாயார் எண்பது வயதைக் கடந்த பின்னும் திருமண வீடுகளில் ஓடியாடும் பிள்ளைகளைத் தம்மையறியாமல் எண்ணுவதுண்டு. எண்ணி முடித்த பின்னரே அவர் பந்தியில் அமர்வார்.

தோட்டத் துண்டாடலும் பின்வந்த சட்டங்களும்

1950களில் பெருந்தோட்டங்கள் பல சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்தார். நில உடைமை, விளைச்சல், வேலையிழப்பு என்னும் கோணங்களில் இது பெரிதும் பேசப்பட்டுள்ளது. குழந்தைக் காப்பு என்னும் கோணத்திலும் இதனை நோக்குதல் வேண்டும். நாற்பது குழந்தைகள் இருந்த தோட்டம் பல கைகளுக்கு மாறும்போது ஒவ்வோர் உடைமையாளரிடமும் இருக்கும் குழந்தைகள் பத்துக்குக் கீழே போகக்கூடும். குழந்தைகள் குறையவில்லை, கணக்குத்தான் உடைந்தது. பொதுக் கொட்டகை இல்லாத இடத்தில் ஒவ்வொரு வீட்டின் மூத்த பெண்ணும் தனித்தனி ஆயா ஆனாள். ஒருத்தி கொட்டகையில் நிற்க மற்றவள் மருந்தகத்துக்கு ஓடும் வழியும் அதனோடு அடைபட்டது.

பின்னர், செம்பனைப் பயிரின் பெருக்கமும் தோட்ட நிலங்களின் மேம்பாடும் குடும்பங்களை நகர்ப்புறங்களுக்குத் தள்ளின. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் நிலையங்களைப் பதிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், தக்க மேற்பார்வையின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், காலை, மாலை, இரவு என முறை மாறும் வேலையில் பெற்றோர் இருவரும் இருக்க, நிலையக் கட்டணம் எட்டாத வீடுகளில், பதின்மூன்று வயது அக்காள் இன்றும் அடுக்குமாடி வீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு தம்பி தங்கையரோடு இருக்கிறாள். கால்வாய்க்குப் பதிலாகப் பால்கனி வந்துள்ளது. மற்றபடி வினா அதுவே.

முடிவுரை

தோட்டப்புற வரலாற்றைக் கூலி, கங்காணி, தொழிற்சங்கம், பள்ளி என்னும் தலைப்புகளில் நாம் எழுதி வந்துள்ளோம். குழந்தைக் காப்பு என்னும் தலைப்பு அவ்வரிசையில் இடம்பெற வேண்டும். பெண்களின் கூலி உழைப்பு இல்லாமல் இரப்பர்த் தொழில் இயங்கியிருக்காது. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் பெண்களின் கூலி உழைப்பு இயங்கியிருக்காது. அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுமியாக இருந்தாள் என்பதை ஏற்றுக்கொண்டால், நாட்டின் பொருளியல் வரலாற்றில் அவளுக்குரிய இடம் தெளிவாகும்.

இதற்கான சான்றுகள் இரண்டு இடங்களில் உள்ளன. பழைய தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் முதலாவது. எந்த வயதில், எந்த மாதத்தில், தம்பி பிறந்த எத்தனை நாளில் ஒரு மாணவி வராமல் நின்றாள் என்பதை அவற்றிலிருந்து கணிக்கலாம். மூடப்பட்ட பள்ளிகளின் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகும் முன்னர்த் தலைமையாசிரியர்கள் அவற்றைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். இரண்டாவது, எண்பது வயதைத் தாண்டிய பெண்களின் நினைவு. அவர்களிடம் 'என்ன வேலை செய்தீர்கள்?' என்று கேட்டால், 'சும்மாதான் இருந்தேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன்' என்பார்கள். எத்தனை பிள்ளைகள், எப்படிப் பார்த்தீர்கள் என்று நம் மாணவர்கள் அடுத்த வினாவைக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தோட்டங்களில் வளர்ந்த தமிழர் பலரின் காப்புப் பருவத்துக்கு அப்பெண்களே பொறுப்பேற்றனர். அவர்கள் கூறுவதைப் பதிவு செய்ய நமக்கு எஞ்சியிருக்கும் காலம் சில ஆண்டுகளே.